காலிதீனுடைய கண்ணும் பள்ளிக்குக் கொடுத்த மின்விசிறியும்

என் மச்சான் காலிதீனுடைய வலது கண்ணில் ஒரு பழுதும் இல்லை. இதை மூன்று டொக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் எழுதியும் தந்திருக்கிறார். வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, கறுப்பு கறுப்பாக இருக்கிறது. சின்னத் தழும்பு ஒன்று இருக்கிறதாம். அதையும் மெசினில் முகவாயை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைக் கடைசிக்கு முந்திய வரி வரை அந்தக் கண் வாசிக்கிறது. அவரைத் தூங்க விடாமல் வைத்திருப்பதும் அதே கண்தான்.

நான் மசூர். காலிதீன் என் தங்கச்சி ஸுல்பிகாவின் புருஷன். சாய்ந்தமருதில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு நான்தான் செயலாளர். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, உப அதிபராகவே ஓய்வு பெற்றேன். அதிபராக வராதவனுக்குச் சொல்வதற்கு நிறைய மிச்சம் இருக்கும். தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் என்னிடம் ஒரு கருத்து இருக்கும். காலிதீன் விஷயத்திலும் இருந்தது, அது பிழை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டு யாரும் வாசிக்க வேண்டாம்.

காலிதீன் சவளக்கடையில் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவர். வயது ஐம்பத்து நாலு. கதைப்பது குறைவு. கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த அன்று "சோறு போதும்" என்று சொன்னவர், அடுத்த வசனத்தைச் சொல்ல மூன்று மாதம் எடுத்தார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறோம்.

போன மாரி வேளாண்மை கதிர் தள்ளி நின்ற நேரம். வரம்பில் வெட்டிவிட்ட வக்கடையால் தண்ணீர் ஒழுங்காக வடிகிறதா என்று குனிந்து பார்த்திருக்கிறார். ஒரு நெல் ஓலையின் நுனி வலது கண்ணில் குத்தியது. ஐந்து ஏக்கரில் எத்தனை கோடி ஓலை இருக்கும், அதில் ஒன்று. பக்கத்து வயல்காரர் வேலப்போடி போத்தல் தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு, "நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க காக்கா" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். காலிதீன் நேராக வீட்டுக்கு வந்தார். ஸுல்பிகா கண்ணைப் பார்த்துவிட்டு நேராக அடுத்த வீட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டு ஜெனூபா பிள்ளை பெற்று இன்னும் நாற்பது நாள் கழியவில்லை.

கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கத்தில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. மூன்று துளி விட்டார்கள். மறுநாள் கண் சிவந்தது. இன்னும் மூன்று துளி விட்டார்கள். மூன்றாம் நாள் தெருவில் ஒரு கேள்வி கிளம்பியது. ஜெனூபாவின் பால் காலிதீனுக்குள் போய்விட்டதே, இனி அவர் அவளுக்குப் பால்குடிப் பிள்ளையா? அவள் இனி அவருக்கு முன்னால் முக்காடு இல்லாமல் வரலாமா? பள்ளியில் ஓதிக்கொடுக்கிற லெப்பையிடம் ஆள் போனது. இரண்டு வயதுக்குள் குடித்தால்தான் அந்தச் சட்டம், காலிதீன் அந்த எல்லையைத் தாண்டி ஐம்பத்திரண்டு வருடமாகிறது என்று லெப்பை தீர்ப்புச் சொன்னார். எல்லாருக்கும் நிம்மதி. அதற்குப் பிறகுதான் கண்ணையும் ஒருமுறை பார்ப்போமே என்று பார்த்தார்கள். கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஓலையோடு பூஞ்சணம் கண்ணுக்குள் போயிருக்கிறது என்றார்கள். மணிக்கு ஒருமுறை மருந்துத் துளி விட்டார்கள். தாய்ப்பாலைப் பற்றி டொக்டர் என்ன சொன்னார் என்பதை ஸுல்பிகா இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. ஏழாம் நாள், கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அன்று அவள் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நேத்தி வைத்தாள்: அவருடைய கண் சுகமானால் தெருப் பள்ளிக்கு ஒரு மின்விசிறி.

எங்கள் பள்ளியில் அப்போது இருபத்துமூன்று மின்விசிறிகள் இருந்தன. மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களின் பேரில் கொடுத்தவை பாதி, நேத்திக்குக் கொடுத்தவை பாதி. ஒவ்வொன்றுக்கும் நேரே சுவரில் கொடுத்தவரின் பெயர் எழுதியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிந்தி வருகிறவன் மின்விசிறி இல்லாத தெற்கு மூலைக்குத்தான் போக வேண்டும். நேத்தி என்பது அல்லாஹ்வுக்கு இருக்கிற கடன். கேட்டது கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு இருந்தால் ஸுல்பிகாவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

ஏப்ரலில் டொக்டர் துண்டில் எழுதினார், காயம் முழுதாக ஆறிவிட்டது என்று. கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். காலிதீன் மூலையில் ஒரு கதிரையில் இருந்து, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் கொழுக்கட்டை தின்றார்.

"என்ன மச்சான், இன்னம் பொத்திக்கிட்டு?" என்றேன்.

"நோகுது."

"டொக்டர் ஆறிட்டு எண்டு எழுதியிரிக்காரே!"

"ஓம், ஆறிட்டு," என்றார். "நோகுது."

இந்தப் பதிலை நான் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவர் வாழ்க்கையில் பகிடி விட்டதே இல்லை.

பிறகு கச்சான் தொடங்கியது. வைகாசியில் மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் ஆவணி வரை விடாத வரட்டுக் காற்று. மற்றவர்களுக்கு அது உதட்டை வெடிக்க வைக்கும், அவ்வளவுதான். காலிதீனுக்கு அது கண்ணுக்குள் வந்து இருந்துகொண்டது. காற்றுப் பட்டால் கண் காயும், காய்ந்தால் எரியும், எரிந்தால் தண்ணீர் கொட்டும், கொட்டிய தண்ணீரால் ஒரு பிரயோசனமும் இல்லை, மறுபடி காயும். சேர்ட் பையில் ஒரு சின்ன மருந்துப் போத்தல். இரண்டு மணிக்கு ஒருமுறை ஸுல்பிகா துளி விடுவாள். வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போவதற்குக் கல்முனையில் வெல்டிங்காரர் போடுகிற கண்ணாடி ஒன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்தவரைப் பார்த்து வேலப்போடி, "காக்கா, கடலுக்குள்ள இறங்கப் போறீங்களோ?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, காற்று அடிக்கிற பக்கமாக, அவருக்கு மறைப்பாகத் தான் நடந்தாராம். இதைக் காலிதீன் பிறகுதான் சொன்னார்.

தெருவார் சும்மா இருப்பார்களா? கண்ணூறு என்று ஓதிக் கயிறு கட்டினார்கள். தேன் விடச் சொன்னார்கள், தேயிலைச் சாயத்தில் கழுவச் சொன்னார்கள், சுர்மா போடச் சொன்னார்கள். டொக்டரே இல்லை என்று சொன்ன வருத்தத்துக்கு இத்தனை மருந்து எங்கள் தெருவில் இருந்தது. இரண்டு போகமும் வயல் செய்து களைத்த மனிசன், வேலையைக் குறைக்க இது ஒரு சாட்டு என்று சொன்னவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. அது பழக்கம் என்று சொன்னேன். பல நாள் கட்டுப் போட்டுக் கிடந்த கண் காற்றை மறந்துவிட்டது, மெல்ல மெல்லக் காற்றுப் பட விட்டால் பழகிவிடும் என்பது என் கண்டுபிடிப்பு.

மின்விசிறிதான் பெரிய பிரச்சினையாக வந்தது. இருபத்தெட்டு வருடமாகப் புருஷனும் பெண்சாதியும் ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்தவர்கள். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு சாமான் அறைக்குப் போனார், நெல் மூட்டைக்கும் பழைய தையல் மெசினுக்கும் நடுவில். நுளம்புச் சுருளின் புகையும் ஆகாது. ஆகவே சீலை வலையைக் கட்டிக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில், கண்ணுக்கு மேல் ஈரத் துணியோடு கிடப்பார். கல்யாண வீடுகளுக்குப் போனால் முதலில் முகட்டைப் பார்ப்பார். பள்ளியில் எல்லாரும் தப்பி ஓடுகிற தெற்கு மூலை அவருக்கு நிரந்தர இடமாயிற்று. பாங்கு சொல்லுமுன்னே வந்து அங்கே இருந்துகொள்வார்; அந்த இடத்துக்கு அவரோடு போட்டிக்கு ஒருவரும் இல்லை.

ஜூலையில் ஸுல்பிகா என்னிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"காக்கா, நேத்தி கிடக்கு. டொக்டர் சுகம் எண்டு எழுதி மூணு மாசம். இவர் நோகுது எண்டு செல்றார். நான் ஆர்ர கதைய எடுக்கிற?"

"துண்ட வாசிச்சியா?"

"வாசிச்சன்."

"அதில நோகுது எண்டு இரிக்கா?"

"இல்ல."

"அப்ப அல்லாஹ்ட கடன ஏன் புள்ள வெச்சிக்கிட்டு இரிக்காய்? கண்ண எடுக்கப் போறம் எண்டவங்க எடுக்காம உட்டிரிக்காங்க. இதுக்கு மேல என்ன சுகம் வேணும் உனக்கு?"

"அவர் பொய் செல்ற ஆள் இல்ல, காக்கா," என்றாள்.

"பொய் எண்டு நான் செல்லல்ல. பழகல்ல, அவ்வளவுதான்."

அடுத்த கிழமை கல்முனைக்குப் போய் மின்விசிறி வாங்கினாள். புருஷனிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. பள்ளியில் கொழுக்கி வெறுமையாக இருந்தது ஒரே ஒரு இடத்தில், தெற்கு மூலையில். அது யாருடைய இடம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நல்லதாகப் போயிற்று, அவரும் பழகட்டும் என்று நினைத்து, மின்வேலை செய்கிற ஸஜாத்தைக் கூப்பிட்டு வியாழக்கிழமையே மாட்டுவித்தேன். சுவரில் பெயரையும் என் கையால் எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று எல்லாரும் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலிதீன் வழமைபோல வந்து வழமையான இடத்தில் இருந்தார். குத்பாப் பிரசங்கம் தொடங்குகிற நேரம்தான் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் பின்னால் வரிசை நிறைந்துவிட்டது; எழும்பிப் போக வழியில்லை. ஸஜாத் புது மின்விசிறியை ஐந்தில் வைத்தான். குத்பா முடிவதற்குள் காலிதீனுடைய கன்னம், தாடி, சேர்ட் கழுத்து எல்லாம் நனைந்துவிட்டன. தொழுகை முடிந்ததும் நான் ஒலிவாங்கியைப் பிடித்து அறிவித்தேன்: "நமது ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் காலிதீன் அவர்களின் கண் பூரண சுகமடைந்ததை முன்னிட்டு, அவரது துணைவியார் நமது பள்ளிவாசலுக்கு ஒரு மின்விசிறியை அன்பளிப்புச் செய்துள்ளார். அல்ஹம்துலில்லாஹ்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மனிதர் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தார். நன்றிக் கண்ணீர் என்று பள்ளியே உருகிப்போனது. தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் வந்து கட்டிப் பிடித்தார். முன்பின் முகம் பார்க்காதவர்களும் வரிசையில் நின்று கை கொடுத்து முஸாபஹா செய்தார்கள். "அழாதீங்க மச்சான், அல்லாஹ் குடுத்திட்டான்," என்று நானும் முதுகைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் யாரிடமும் நோகுது என்று சொல்வதை நிறுத்திவிட்டார். கண் எப்படி என்றால், "சுகம்." ஊருக்கே ஒலிபெருக்கியில் சொன்ன பிறகு மனிதர் வேறென்ன சொல்வார்? சாமான் அறையிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு மறுபடி மின்விசிறிக்குக் கீழே வந்து படுத்தார். மருந்துத் துளியை இனித் தானே விட்டுக்கொள்வதாக ஸுல்பிகாவிடம் சொன்னார். ஜும்ஆவுக்கு மட்டும் பிந்தி வரத் தொடங்கினார். பிந்தி வருகிறவனுக்கு இப்போது முற்றத்தில், வெயிலில்தானே இடம். என் வைத்தியம் பலித்துவிட்டது என்று நான் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு நாள் பகல் சோற்றுக்குப் பிறகு ஸுல்பிகா அறைக்குள் போயிருக்கிறாள். காலிதீன் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தாள். கிட்டப் போனால், இரண்டு விரலால் கண் மடலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தார். பாய் அந்த இடத்தில் பிய்ந்திருந்தது. நோன்புக்குப் புதிதாக வாங்கிய பாய். மருந்துப் போத்தலைப் பார்த்தாள்; இரண்டு கிழமையாகக் குறையவே இல்லை. சுகமான ஆளுக்கு மருந்து எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் அதையும் விட்டிருந்தார்.

அவள் மின்விசிறியை நிறுத்தினாள். அடுத்த நாள் விடிய மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார்கள்.

அங்கே ஒரு டொக்டர், வயது குறைந்த பெண்பிள்ளை. கண்ணை மரக்க வைக்கிற துளி ஒன்றை விட்டு, "இப்ப நோவு எப்பிடி?" என்று கேட்டிருக்கிறார். "பாதி குறைஞ்சிட்டு. பாதி கிடக்கு," என்றார் காலிதீன். அது போதும் என்று டொக்டர் விளக்கினாராம். காயம் ஆறின இடத்தில் நரம்பு பிழையாக முளைத்திருக்கிறது. ஒன்றும் இல்லாதபோதும் நோகுது நோகுது என்று மூளைக்குச் சொல்லும். கண்ணை ஈரமாக வைக்கச் சொல்வதும் அதே நரம்புதான், அதனால்தான் கண் காய்கிறது. மெசினில் இதெல்லாம் தெரியாது. விழுங்கக் குளிசை இருக்கிறது, நோவு குறையும். முழுக்க மாறும் என்று சொல்ல ஏலாது.

"அப்ப இவர் சொன்னது உண்மைதானா டொக்டர்?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

"ஆர் பொய் எண்டது?" என்று டொக்டர் கேட்டார்.

திரும்பி வரும் வழியில் பஸ் கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் ஸுல்பிகா யன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள். முன் சீட்டுக்காரன் புழுங்குது என்று ஏசினான். திறக்கவில்லை.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம். பக்க வாசலால் அவள் வந்தாள். எங்கள் பள்ளிக் கூட்டத்துக்குப் பெண் பிள்ளை வந்தது அதுவே முதல் தடவை. எல்லாரும் கதிரையைச் சரி செய்தார்கள், இருக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் தந்த ஃபேன் முந்திப்போச்சு," என்றாள். "அவருக்குச் சுகமில்ல."

கச்சிமுகம்மது ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "பள்ளிக்குக் குடுத்தது குடுத்ததுதான், மகள். வக்புச் சாமான். திருப்பித் தர மார்க்கத்தில இடமில்ல."

"ஃபேனக் கேக்கல்ல, ஹாஜியார். அது கிடக்கட்டும். சுகம் எண்டு அறிவிச்சீங்களே, சுகமில்ல எண்டும் அறிவியுங்க."

கூட்டம் என்னைப் பார்த்தது. துஆ ஏற்கப்பட்டது என்று எத்தனையோ அறிவித்திருக்கிறோம். இன்னும் ஏற்கப்படவில்லை என்று எந்தப் பள்ளியில் அறிவித்தார்கள்? ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்: "அது அல்லாஹ்வில முறைப்பாடு வெச்ச மாதிரிப் போயிரும் புள்ள."

"அல்லாஹ்வுக்குத் தெரியும் அவருக்கு நோகுது எண்டு," என்றாள் ஸுல்பிகா. "இந்தத் தெருவுக்குத்தான் தெரியா."

பிறகு என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், சுகமாக முடிந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த மேசைக்குக் கீழே புகுந்துகொள்ள வேண்டும்போல் வெட்கமாக இருந்தது. கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேறியது: தெற்கு மூலை மின்விசிறி இருந்த இடத்தில் இருக்கும், அதன் வயரை ஸஜாத் கழற்றிவிடுவான்.

அறிவித்தலுக்குத் தீர்மானம் இல்லை; நானாகவே அதை எழுத எனக்கு ஓர் இரவு முழுவதும் போனது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வாசித்தேன்.

"சென்ற ஜூலை மாத அறிவித்தலில் ஒரு திருத்தம். சகோதரர் காலிதீன் அவர்களின் கண் சுகமடையவில்லை. காயம் ஆறியுள்ளது. நரம்பு நோகிறது. முன்னைய அறிவித்தலை எழுதியவர் அவரிடம் கேட்காமல் எழுதியுள்ளார். அவருக்காகத் துஆச் செய்யவும்."

யாரோ ஒருவர் மட்டும், "ஆமீன்," என்றார்.

வெளியே வந்தேன். காலிதீன் முற்றத்தில், வெல்டிங் கண்ணாடியோடு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். போன முறை கட்டிப் பிடித்தவர்கள்தான். இந்த முறை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஸஜாத்தான் கேட்டான்.

"காக்கா, எங்க நோகுது?"

காலிதீன் கண்ணாடியைக் கழற்றினார். கண் நல்ல வெள்ளையாக இருந்தது. அவர் கண்ணைக் காட்டவில்லை. புருவத்துக்கு மேலே விரலை வைத்து, நெற்றிப் பொட்டுக்குக் கொண்டுபோய், காதுக்குப் பின்னால் இறக்கி, கழுத்து வரை கொண்டுவந்து நிறுத்தினார்.

"இவ்வளவும்," என்றார்.

பிறகு சொல்லத் தொடங்கினார். தலை சீவும்போது எப்படி, மூடின கதவுக்குள்ளும் காற்று எப்படி வரும், தொழுகையில் ஸுஜூதுக்குக் குனிந்தால் எப்படி, விடிய முதல்முறை கண் திறக்க எவ்வளவு நேரம் பயந்து கிடப்பார் என்றெல்லாம் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டதே இல்லை. ஜும்ஆ முடிந்த பசி நேரம். வீட்டில் எல்லாருக்கும் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் போகவில்லை.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிக் கேட்டேன். கழுத்து வரைக்கும் நோகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.